யூதரை அறிந்து பேசுவோம்

(சரவணம்பட்டியில் நிகழ்த்தப்பெற்ற ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

புகழ் அனைத்தும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய இறுதித் தூதர் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



நம் வீடுகளில் 'யூதன்' என்னும் சொல் இன்று ஒரு வசைச்சொல்லாக ஒலிக்கின்றது. வஞ்சகம் செய்தவனைக் குறிக்கவும் அச்சொல், கஞ்சனைக் குறிக்கவும் அச்சொல். பிள்ளைகள் அதனைக் கேட்டே வளர்கின்றனர். ஆனால் யூதர் யார், எதனை நம்புகின்றனர், எவ்வாறு வணங்குகின்றனர் என்று அப்பிள்ளை கேட்டால் நம்மில் எத்தனை பேரால் விடை கூற இயலும்? அறியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது இறைநம்பிக்கையாளருக்கு அழகன்று. ஆகவே, அம்மக்களைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

வேதம் பெற்ற சமுதாயம்

நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் மகனார் இஸ்ஹாக் (அலை). அவர்களின் மகனார் யஃகூப் (அலை). யஃகூப் நபிக்கு இஸ்ராயீல் என்றும் பெயர் உண்டு. அன்னாரின் பன்னிரு மைந்தர் வழி வந்தோரே பனூ இஸ்ராயீல். அம்மைந்தருள் ஒருவரான யஹூதாவின் பெயரிலிருந்தே 'யூதர்' என்னும் பெயர் பிறந்தது. ஃபிர்அவ்னின் அடிமைத்தளையிலிருந்து அவர்களை மீட்டு வந்த மூஸா (அலை) அவர்களின் பெயர், திருக்குர்ஆனில் 130க்கும் மேற்பட்ட இடங்களில் இடம்பெறுகின்றது. வேறெந்த நபியின் பெயரும் இத்தனை முறை வருவதில்லை.

ஜெரூஸலத்தில் அவர்களுக்கு இருந்த முதல் ஆலயத்தைக் கி.மு. 586ஆம் ஆண்டளவில் பாபிலோனியர் அழித்தனர். மீண்டும் எழுப்பப்பட்ட ஆலயத்தைக் கி.பி. 70இல் உரோமானியர் தகர்த்தனர். பலியிடுவதற்கு ஆலயம் இல்லாத நிலையில், வேதம் ஓதுதலும் தொழுகையுமே அவர்களின் வழிபாடாயின. எந்நாட்டுக்குச் சிதறிச் சென்றாலும் ஏட்டைக் கையில் எடுத்துச் சென்றனர். அதனாலேயே அச்சமுதாயம் அழியாமல் நின்றது.

நம்பிக்கையும் வழிபாடும்

இறைவன் ஒருவனே, அவனுக்கு உருவமில்லை என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கை. மூஸா நபியின் ஐந்து ஆகமங்களைத் 'தோரா' என்பர். நாம் தவ்ராத் என்று கூறும் வேதத்தின் பெயரே அது. அதன் சட்டங்களை விளக்கும் பெருந்தொகுப்பு தல்மூது. தோல் சுருளில் கையால் எழுதப்பட்ட தோராவே அவர்களின் தொழுகைக் கூடத்தின் நடுநாயகமான பொருள். சிலையோ படமோ வைத்து அவர்கள் வணங்குவதில்லை. நாள்தோறும் மூன்று வேளை, ஜெரூஸலத்தை நோக்கித் தொழுகின்றனர். கூட்டுத் தொழுகைக்கு வயது வந்த ஆண்கள் பதின்மர் வேண்டும் என்பது மரபுவழி யூதரின் விதி.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு வரை 'சப்பத்' என்னும் ஓய்வுநாள். அந்நாளில் தீ மூட்டுவதில்லை; தொழில் செய்வதில்லை. வெள்ளி மாலையில் வீட்டுப் பெண்மணி விளக்கேற்றி அந்நாளை வரவேற்பார். ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் கத்னா செய்கின்றனர். பன்றியிறைச்சி அவர்களுக்கும் விலக்கப்பட்டதே. அசைபோடுவதும் குளம்பு பிளந்ததுமான பிராணியை மட்டுமே முறைப்படி அறுத்து உண்பர், ஒட்டகம் ஆகாது. செதிளும் துடுப்பும் இல்லாததால் இறாலும் ஆகாது. இறைச்சியையும் பாலையும் ஒருங்கே உண்பதில்லை. ஃபிர்அவ்னிடமிருந்து விடுதலை பெற்றதைப் பஸ்கா பெருநாளாகவும், பாவமன்னிப்புக்குரிய நாளை யோம் கிப்பூர் நோன்பாகவும் கடைப்பிடிக்கின்றனர்.

ஈஸா (அலை) அவர்களின் தூதுத்துவத்தையும், நம் நபி (ஸல்) அவர்களின் தூதுத்துவத்தையும் அவர்கள் ஏற்பதில்லை. இது நமக்கும் அவர்களுக்கும் இடையேயுள்ள பெரும் வேறுபாடு. இதனை நாம் மறைக்கவும் வேண்டியதில்லை. இதனைக் கொண்டு ஒரு மனிதரை இழிவுபடுத்தவும் வேண்டியதில்லை.

நம் அண்டையிலிருந்த யூதர்

அன்பர்களே! யூதர் எங்கோ தொலைதூரத்தில் வாழ்ந்தவர்கள் என எண்ணாதீர்கள். சரவணம்பட்டியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே சுமார் 200 கிலோமீட்டர் சென்றால் கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத்தெரு. பழங்காலத்தில் கொங்குநாட்டுக் கொடுமணலின் மணிக்கற்களும் இக்கணவாய் வழியேதான் முசிறித் துறைக்குச் சென்றன. அம்முசிறியை ஒட்டிய கொடுங்கல்லூரே மலபார் யூதரின் தொன்மையான ஊர். சேரமான் பள்ளிவாசல் அமைந்திருப்பதும் அதே ஊரில்தான்.

கி.பி. 849இல் கொல்லத்துக் கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், கூஃபி அரபியிலும் பஹ்லவியிலும் ஹீப்ரு எழுத்திலும் சாட்சிக் கையெழுத்துகள் உள்ளன. கிறிஸ்தவருக்குரிய கொடைக்கு முஸ்லிமும் யூதரும் ஒரே ஏட்டில் சாட்சி! கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு 'அஞ்சுவண்ணம்' என்னும் வணிகக் குழுவின் உரிமையுடன் 72 சிறப்புரிமைகளை வட்டெழுத்துச் செப்பேட்டில் வழங்கினார். அந்த அஞ்சுவண்ணம் என்னும் பெயர் இன்றும் தக்கலையில் முஸ்லிம்களிடையே வழங்கி வருவதை எண்ணிப் பாருங்கள்.

இவ்வரலாற்றில் கசப்பும் உண்டு. 1524ஆம் ஆண்டையொட்டிக் கொடுங்கல்லூரில் முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் மோதல் மூண்டு, யூதர்களின் வீடுகளும் தொழுகைக் கூடங்களும் அழிக்கப்பட்டன. பின்னர்ப் போர்ச்சுகீசியரின் கொடுமையும் சேரவே, அவர்கள் கொச்சி மன்னரிடம் அடைக்கலம் புகுந்தனர். மன்னர் தம் அரண்மனையை அடுத்தே நிலம் வழங்கினார். 1568இல் பரதேசி யூதர் தொழுகைக் கூடம் அங்கு எழுந்தது. அதன் 400ஆம் ஆண்டு விழாவில், 1968இல், பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார்.

அங்கும் ஏற்றத்தாழ்வு புகுந்தது. அடிமை வழி வந்தோர் எனக் கூறிச் சிலருக்குக் கூடத்தினுள் சம இடம் மறுத்தனர். ஆபிரகாம் பாரக் சலேம் என்னும் வழக்கறிஞர் அறவழியில் நின்று அவ்வநீதியை எதிர்த்தார். 'யூத காந்தி' என்று மக்கள் அவரை அழைத்தனர். ஒரே இறைவனை வணங்குவோரிடையே பிறப்பால் உயர்வு தாழ்வு ஏது என்னும் அக்கேள்வி நமக்கும் உரியதன்றோ?

1948இல் இஸ்ரேல் உருவான பின்னர், கேரள யூதர்களில் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். மட்டாஞ்சேரியில் எஞ்சியோரை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அவ்வாறு எஞ்சியிருந்த சாரா கோஹன் அம்மையார், 2019இல் தம் 96ஆம் வயதில் காலமானார். கணவரை இழந்து, பிள்ளைகளும் இல்லாத அம்மூதாட்டியை இறுதிவரை மகன்போல் பேணியவர் யார் தெரியுமா? தாஹா இப்ராஹீம் என்னும் முஸ்லிம் சகோதரர். சிறுவயதில் அத்தெருவில் அஞ்சலட்டை விற்றவர். அம்மையாரின் பூத்தையல் கடையைத் தொடர்ந்து நடத்தி வந்தார். கொல்கத்தாவின் யூதத் தொழுகைக் கூடங்களைக் காத்துப் பராமரித்து வருவோரும் முஸ்லிம் குடும்பத்தினரே. அந்நகரின் யூதப் பெண்கள் பள்ளியில் பயிலும் மாணவியரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள்.

நபிவழி காட்டும் நெறி

நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, அங்கிருந்த யூதர் ஆஷூரா நோன்பு நோற்பதைக் கண்டு, மூஸா நபிக்கு நாமே மிகவும் உரியவர்கள் எனக் கூறித் தாமும் நோற்றார்கள். யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது எழுந்து நின்றார்கள். அது யூதருடையது எனச் சுட்டிக் காட்டப்பட்டபோது, அதுவும் ஓர் ஆன்மாவன்றோ என வினவினார்கள். மதீனாவின் யூதக் குலங்கள் சிலவற்றோடு போர் நிகழ்ந்தது உண்மையே. எனினும் அன்னார் இவ்வுலகைப் பிரிந்தபோது, அவர்களின் கவச உடை வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடமே அடைமானமாக இருந்தது. சில குலத்தாரோடு நேர்ந்த பகையை, அன்னார் எல்லா யூதர் மீதும் ஏற்றவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

வேதக்காரர் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர் என ஆலஇம்ரான் அத்தியாயம் கூறுகின்றது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என அல்மாயிதாவின் 8ஆம் வசனம் கட்டளையிடுகின்றது. அல்லாஹ்வின் பெயர் கூறப்படும் இடங்களை எண்ணும் அல்ஹஜ் அத்தியாயத்தின் 40ஆம் வசனம், பள்ளிவாசல்களோடு யூதரின் தொழுகைக் கூடங்களையும் சேர்த்தே எண்ணுகின்றது.

நம் கடமை

2023 அக்டோபருக்குப் பின் காஸாவில் பல்லாயிரம் உயிர்கள் பறிக்கப்பட்டதைக் கண்டு நம் நெஞ்சம் கொதித்தது. அநீதியைக் கண்டு கொதியாத நெஞ்சம் நெஞ்சமன்று. எனினும், அப்போரை எதிர்த்து உலகின் பல நகரங்களில் வீதியில் இறங்கியோருள் யூதர்களும் இருந்தனர். ஓர் அரசின் செயலுக்காக, ஒரு மதத்தாரையே பழிப்பது எவ்வகை நீதி?

கோவை மக்களாகிய நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? 1998 பிப்ரவரியில் இந்நகரின் குண்டுவெடிப்புகளில் 58 உயிர்கள் பலியாயின. சிலர் செய்த கொடுமைக்காக, அதனைக் கனவிலும் எண்ணாத குடும்பங்கள் சந்தேகப் பார்வைக்கு ஆளாயின. பெயரைக் கேட்டதும் வாடகை வீட்டின் கதவுகள் மூடின. அவ்வலியை அனுபவித்த நாமே, அதே அளவுகோலால் பிறரை அளக்கலாமா?

ஆகவே, பெற்றோரே! 'யூதன்' என்னும் சொல்லை உங்கள் வீட்டில் வசையாக்காதீர்கள். விடுமுறையில் கொச்சிக்குச் சென்றால், பிள்ளைகளை அத்தொழுகைக் கூடத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். சனிக்கிழமையில் மட்டும் செல்லாதீர்கள். அன்று அவர்களின் ஓய்வுநாள். மூஸா நபியின் வரலாற்றை அங்கு வைத்தே பிள்ளைகளுக்கு எடுத்துரையுங்கள். அநீதியை யார் செய்தாலும் எதிர்க்கவும், அநீதி செய்யாதவரை யாராயினும் மதிக்கவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளை நீதியின் மீது நிலைபெறச் செய்வானாக! ஒடுக்கப்பட்டோர் அனைவருக்கும் விடுதலையையும் அமைதியையும் வழங்குவானாக! ஆமீன்.