உடல் பழையது, உயிர் புதியது

இலக்கிய நிகழ்ச்சியிலே எஞ்சினைப் பற்றிப் பேசுவதா என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். சேக்கிழாரிடந்தான் போகிறோம், போகும் வாகனம் கொஞ்சம் பழையது.

எங்கள் வீட்டிலே ஓர் ஒஸ்ரின் ஏ-40 பிக்கப் இருக்கிறது. 1950களில் இங்கிலாந்திலே செய்யப்பட்டது. 1,200 க.செ.மீ. பெற்றோல் எஞ்சினோடு வந்தது. அப்பா அதிலே வெங்காயமும் புகையிலையும் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்குப் போவார். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைப்பட்டபோது எனக்குப் பத்து வயது. குடாநாட்டின் பழைய கார்களெல்லாம் அப்போது மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இருமியும் திணறியும் புகை கக்கியும் ஓடிய அந்த எஞ்சின்தான், 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, எங்களையும் அயலவர் மூன்று குடும்பத்தாரையும் தென்மராட்சியிலே கொண்டுபோய்ச் சேர்த்தது.

மண்ணெண்ணெய் செய்த உதவிக்குக் கூலியும் வாங்கிக்கொண்டது. எரியாமல் எஞ்சியது உருளைச் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலிற் கலந்து அதை நீர்க்கச் செய்யும். பிஸ்ரன் வளையங்கள் தேயும். 2008இல் அப்பா காலமானார். 2011இல் அந்த எஞ்சினும் மூச்சு விட இயலாமற் படுத்துவிட்டது.

“தம்பி, இதுக்கு இனிச் சாமான் தேடி அலையேலாது. டீசல் எஞ்சின் ஒண்டைப் பூட்டுவம்” என்றார் மெக்கானிக் அண்ணை. கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து, ஒரு லைற்ஏஸ் வானிற் கழற்றிய டொயோட்டா 2சி எஞ்சின், அதன் கியர்ப் பெட்டியோடு வந்து சேர்ந்தது. 1,974 க.செ.மீ.

ஒன்றைக் கழற்றி மற்றதைப் பூட்டுவதுதானே என்று நினைத்திருந்தேன். அப்படியன்று. பெற்றோல் எஞ்சினிலே மின்பொறி தீ மூட்டுகிறது. டீசலிலே பொறி என்பதே இல்லை. காற்றை 20 மடங்குக்கு மேல் நெருக்க, அந்த நெருக்கத்தின் வெப்பமே, தெளிக்கப்படும் டீசலைப் பற்றவைக்கிறது. அதனைத் தாங்குவதற்கு எஞ்சினும் கனத்ததாய் இருக்கவேண்டும். எனவே அண்ணை பழைய தாங்கிகளை வெட்டியெடுத்துப் புதியன ஒட்டினார். முன் சுருள்வில்லுகளைப் பலப்படுத்தினார். ஒயில் தொட்டி ஸ்ரியறிங் தண்டிலே முட்டியது. அதை வெட்டி வேறு வடிவாக்கினார். பின்னச்சுக்குப் போகும் சுழல்தண்டை அளந்து வெட்டிப் பொருத்தினார். கொயிலும் ஸ்பாக் பிளக்கும் விடைபெற்றன. பெரிய பற்றரி வந்தது. “ஓடுறது பெரிசில்லைத் தம்பி, நிக்கவேணும்” என்று சொல்லிப் பிறேக் முழுவதையும் புதுப்பித்த பின்னரே எஞ்சினை இயக்கினார். ஈற்றில், பதிவுப் புத்தகத்திலே எஞ்சின் இலக்கத்தையும் எரிபொருளையும் மாற்றுவித்தேன்.

“பழம்பொருளைப் பழுதாக்கிவிட்டீரே” என்று என்னோடு படிப்பிக்கும் நண்பர் கடிந்துகொண்டார். அவர் சொன்னதிலும் நியாயமுண்டு. ஆனால் சுமை ஏற்றுவதற்கென்று செய்த வாகனம், சுமை ஏற்றாமற் கொட்டிலிலே நின்றால் அது எதற்காக? அன்று நான் மறுமொழியாகச் சொன்னது இதுதான். அதற்குமேல் ஒன்றுண்டு என்பதை அம்மாவிடந்தான் அறிந்தேன்.

பெரியபுராணத்திலே திருமூலர் கதையை நீங்கள் அறிவீர்கள். சாத்தனூரிலே மூலன் என்ற இடையன் இறந்துகிடக்க, அவன் மேய்த்த பசுக்கள் கலங்கி நிற்கின்றன. அவற்றின் துயர் பொறாத யோகியார் அவனுடலிற் புகுந்து எழுகிறார். பசுக்கள் மகிழ்ந்து அவரோடு ஊருக்குத் திரும்புகின்றன. மூலனுடைய மனைவி மட்டும் திகைத்து நிற்கிறாள். உடல் கணவனுடையதுதான். ஆனால் வந்தவர் அவனல்லர். இந்தக் கதையை வகுப்பிலே பலமுறை சொல்லியிருக்கிறேன். பசுக்களின் மகிழ்ச்சியை விரித்துரைப்பேன். அந்தப் பெண்ணை ஒரு வசனத்திலே கடந்துவிடுவேன்.

டீசல் எஞ்சினோடு முதன்முதல் வீட்டுக்கு வந்த அன்று ஒழுங்கைப் பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள். அவர்கள் கண்டது பழைய பிக்கப்பைத்தான். அம்மா படலைக்கு வரவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக அந்த எஞ்சின் சத்தம் ஒழுங்கை முகப்பிலே கேட்டதும் சோற்றுப்பானையை அடுப்பிலிருந்து இறக்கியவர் அவர். உள்ளேயிருந்து, “ஆர் வந்திருக்கினம்?” என்றார். நான் போய்ச் சொன்னபின் வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“வாகனம் அப்பான்ரதான். வாறது ஆரெண்டுதான் தெரியேல்லை.”

அன்றைக்கு அந்த இடைப்பெண் எனக்கு விளங்கினாள். நான் செய்தது பிழையென்று இன்றும் எண்ணவில்லை. அந்த வாகனம் இப்போதும் சந்தைக்கு வெங்காயம் ஏற்றுகிறது. ஆயினும், பயன் கருதி ஒன்றை மாற்றும்போது, அதன் ஓசையிலே வாழ்ந்த ஒருவரைக் கேட்க மறந்துவிட்டேன்.

பழைய எஞ்சினை இரும்புக்காரருக்குக் கொடுக்கவில்லை. கொட்டிலிலே இரண்டு பனங்குற்றிகளின்மேல் இருக்கிறது. வாகனத்திலே மாற்றாமல் விட்டது ஹோண் ஒன்றுதான். அதுமுதல் ஒழுங்கை முகப்பிலே ஒருமுறை அதை அடித்துவிட்டே திரும்பத் தொடங்கினேன். சில நாள்களிலே அம்மா மீண்டும் படலைக்கு வரத் தொடங்கினார்.