ஆடுகளத்தில் சிலுவை அடையாளம்

(பங்கின் பொன்விழா விளையாட்டுப் போட்டிகளின் பரிசளிப்பு நாளில் ஆற்றிய உரை)

 

பரிசுகளை வழங்குமுன், நம் எல்லார் உள்ளத்தையும் உறுத்தும் ஒன்றைப் பேச விரும்புகிறோம். கால்பந்து இறுதி ஆட்டத்தில் நம் அணியினர் களம் இறங்கும்போது, குனிந்து மண்ணைத் தொட்டுச் சிலுவை அடையாளம் வரைந்தார்கள். கண்ட நமக்கு உள்ளம் பூரித்தது. அரைமணி நேரம் சென்றபின் நடுவர் நமக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். சிலுவை வரைந்த அதே கைகள் அவர் சட்டையைப் பற்றின. கோட்டுக்கு வெளியே நின்ற பெரியவர்களாகிய நாமும் வாயை அடக்கவில்லை. எதிரணியில் ஆடியவர்கள் பக்கத்து ஊரைச் சேர்ந்த இந்து, முஸ்லிம் சகோதரர்கள். நம் அழைப்பை ஏற்று, நம் விழாவைச் சிறப்பிக்க வந்தவர்கள். நம் விசுவாசத்தைப் பற்றி அன்று என்ன எண்ணிக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள்?

அப்படியானால் களத்தில் சிலுவை அடையாளமே வேண்டாம் என்கிறார்கள் சிலர். அது சரியன்று. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில், பந்தயத் திடலில் ஓடுகிறவர்களையே விசுவாச வாழ்வுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டவில்லையா? விசுவாசத்தை ஒளிக்க வேண்டியதில்லை. அதை எவ்வாறு வெளியிடுகிறோம் என்பதே கேள்வி.

இத்தாலி நாட்டில் ஜீனோ பார்த்தாலி என்றொரு சைக்கிள் வீரர் இருந்தார். 1914-இல் ஃபிளாரன்ஸ் நகருக்கு அருகே எளிய குடும்பத்தில் பிறந்தவர். 1936-இல் அவருடைய தம்பி பந்தய விபத்தில் இறந்தபோது, இனிப் பந்தயமே வேண்டாம் என்று எண்ணினார். ஆனாலும் செபத்தில் ஊன்றி நின்று, கார்மேல் மூன்றாம் சபையில் சேர்ந்து, மீண்டும் ஓட்டினார். 1938-இல் ‘பிரான்ஸ் சுற்று’ என்னும் மாபெரும் பந்தயத்தில் வென்றார். அது முசோலினியின் காலம். வெற்றியை அந்தச் சர்வாதிகாரிக்கே காணிக்கையாக்குவார் என்று ஆட்சியாளர் எதிர்பார்த்தனர். அவரோ பாரிசில் வெற்றிகளின் அன்னை ஆலயத்துக்குப் போய், தம் மலர்ச்செண்டை மாதாவின் பாதத்தில் வைத்தார். அந்த மலர்ச்செண்டே அவருடைய விசுவாச அறிக்கை!

அவர் அத்தோடு நிற்கவில்லை. போர்க்காலத்தில் யூத மக்கள் வேட்டையாடப்பட்டபோது, ஃபிளாரன்ஸ் பேராயர் கர்தினால் தல்லா கோஸ்தாவின் வேண்டுகோளை ஏற்று, பயிற்சிக்குப் போகிறவர்போல அசிசி நகர்வரை சைக்கிள் மிதித்தார். சைக்கிளின் குழாய்களுக்குள்ளே யூதர்களைக் காப்பாற்றும் போலி அடையாளத் தாள்கள்! பிடிபட்டால் உயிருக்கே ஆபத்து. 2000-இல் இறக்கும்வரை இதைச் சொல்லிப் பெருமை தேடவில்லை. 2013-இல் எருசலேமின் யாத் வாஷேம் நிறுவனம் அவரை நீதிமான்களின் வரிசையில் சேர்த்தது. மாதாவுக்கு மலர் வைத்ததை உலகம் கண்டது. உயிர்களைக் காத்ததை இறைவன் கண்டார். இரண்டும் ஒரே விசுவாசம்.

பார்த்தாலியின் பெரும் போட்டியாளர் ஃபௌஸ்தோ கோப்பி. இத்தாலியே இவ்விருவர் பொருட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. 1952-இல் ஒரு மலையேற்றத்தில் இருவர் கையும் ஒரே தண்ணீர்ப் புட்டியைப் பற்றியிருக்கும் படம் உலகப் புகழ் பெற்றது. யார் யாருக்குக் கொடுத்தார் என்று இன்றும் வாதாடுகிறார்கள். கொடுக்கப்பட்டதே, அது போதாதா? கோமோ ஏரிக்கு அருகே கிசாலோ மாதா சிற்றாலயம் இருக்கிறது. அந்த மாதாவைச் சைக்கிள் வீரர்களின் பாதுகாவலியாக 1949-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அறிவித்தார். அங்கே இருவருடைய சைக்கிள்களும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

இளைஞர்களே! தொடர்ந்து சிலுவை அடையாளம் வரையுங்கள். ஆனால் அது வெற்றி வாங்கித் தரும் மந்திரமன்று. நேர்மையாக ஆடுவேன் என்னும் வாக்குறுதி. எதிரணிக்கும் காயம் வராதிருக்கச் செபியுங்கள். கோல் போட்டதும் சட்டையைத் தூக்கி உள்ளே எழுதிய வேத வசனத்தைக் காட்டாதீர்கள். கால்பந்து விதி அதைத் தடுக்கிறது. விதிக்குப் பணிவதும் சாட்சியமே. நடுவர் தவறினாலும் தலைவன் மட்டும் மரியாதையுடன் பேசட்டும். ஆட்டம் முடிந்ததும் முதலில் கை நீட்டுகிறவன் நம் பையனாக இருக்கட்டும். பெரியவர்களே, கோட்டுக்கு வெளியே நமக்கும் இதுவே ஒழுங்கு.

இதோ, மேசைமேல் ஒரு கோப்பை மட்டும் வாங்குவாரின்றி இருக்கிறது. வென்றவர்கள் அன்று மனம் நொந்து, வாங்காமலே போய்விட்டார்கள். வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அணித்தலைவரும் நாமும் பக்கத்து ஊருக்கு நடந்து சென்று, மன்னிப்புக் கேட்டு, இக்கோப்பையை அவர்கள் கையில் கொடுப்போம். நடுவர் வீட்டுக்கும் செல்வோம். வர விரும்புவோர் கோயில் முற்றத்தில் கூடுங்கள். ஐம்பது ஆண்டு நிறைந்த பங்குக்கு இதைவிட நல்ல விழா இல்லை.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!