மூழ்கிய ஊர்களும் மூழ்காத நினைவும்

(கிராம முன்னேற்றச் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



மண்ணை இழந்த மக்கள் தம் வரலாற்றையும் இழந்துவிட வேண்டுமா? இவ்வினாவுக்குக் கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்து ஊரவர் சிலர் அளித்த விடையை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். எம்மவர் பலர் இன்று வாழும் மாகாணம் அது.

அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் பிரித்தானிய முடியை எதிர்த்து விடுதலை பெற்றபோது, முடியின் பக்கம் நின்றோரிற் பலர் வடக்கே பெயர்ந்தனர். 1784 முதல் சென் லோரன்ஸ் ஆற்றங்கரையில் அவர்களுக்கு நிலம் வழங்கப்பட்டது. அவர்கள் காடு வெட்டினர்; மரக்குற்றிகளை அடுக்கி வீடமைத்தனர்; வயல் திருத்தினர். தேவாலயமும் பள்ளியும் ஆலையும் கொண்ட ஊர்கள் எழுந்தன.

1954இல் அவ்வாற்றிலே பெருங்கப்பல்களுக்கான நீர்வழியையும் மின்னாக்க அணையையும் அமைக்கும் வேலை தொடங்கிற்று. 1958 யூலை 1ஆம் நாள் தற்காலிகத் தடுப்பணை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சில நாள்களுள் கனடாக் கரையிற் பத்துக் குடியிருப்புகள் நீருள் மறைந்தன. ஏறத்தாழ 6,500 மக்கள் அதற்கு முன்னரே அகற்றப்பட்டிருந்தனர். 500க்கு மேற்பட்ட வீடுகள் பெரும் பொறிகளால் அத்திவாரத்தினின்று தூக்கப்பட்டுப் புதிய குடியிருப்புகளுக்குக் கொண்டு செல்லப்பட்டன. வீடு உடன் வந்தது. வயலும் ஆற்றங்கரையும் வரவில்லை.

அவ்வட்டாரத்துப் பழங்கட்டடங்கள் சிலவற்றைப் பெயர்த்தெடுத்து, 1961இல் மாகாண அரசு ‘மேற்கனடாக் கிராமம்’ எனும் திறந்தவெளிக் காட்சியகத்தை அமைத்தது. அங்கே கொல்லன் இரும்படிக்கின்றான், நெசவாளி தறியில் அமர்கின்றாள், ஆலை மாவரைக்கின்றது. 1860களின் வாழ்வை அது அழகுறக் காட்டுகின்றது.

ஆயினும், 1958இல் வெளியேறியவர்களின் கதையை யார் சொல்வது? அதனை ஊரவரே மேற்கொண்டனர். 1977இல் ‘மறைந்த ஊர்கள் வரலாற்றுச் சங்கம்’ தோன்றியது. அச்சங்கத்தின் காட்சியகம் லோங் சூ என்னும் ஊருக்கு அணித்தாக உள்ளது. மரக்குற்றி வீடு, புகையிரத நிலையம், பலசரக்குக் கடை, முடிதிருத்தகம், பள்ளிக்கூடம், தேவாலயம் ஆகியன ஒரே திடலில் நிற்கின்றன. அரண்மனையும் இல்லை, படைக்கலமும் இல்லை. சாதாரண மக்கள் புழங்கிய பொருள்களே அங்கு வரலாறு.

ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அக்குடியேறிகள் திருத்திய மண் ஆளற்ற மண் அன்று. மோகாக் முதலான பழங்குடியினர் அதற்கு முன்னரே அங்கு வாழ்ந்தவர்கள். அதே நீர்வழித் திட்டத்தால் அக்குவசாசினி மோகாக் மக்களும் நிலம் இழந்தனர். முன்னோடிகளின் புகழைப் பேசும் காட்சியகம் எதுவாயினும், அவர்களுக்கும் முன்னிருந்தோரைப் பேசாவிடில் அதன் வரலாறு அரைகுறையே.

அன்பர்களே! காட்சியகம் இழந்த காணிக்கு ஈடாகாது. ஆனால் இன்ன இடத்தில் இன்னார் வாழ்ந்தனர் என்பதற்கு அது சாட்சி. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய எம் மக்களின் பிள்ளைகளுட் பலர், சொந்த ஊரை அறியாமலே வளர்ந்தனர். வயலின் பெயரையும் கிணற்றின் பெயரையும் முதியோர் வாயிலாகக் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். துலாவையும் பட்டையையும் கலப்பையையும் விறகாக்காதீர்கள். கற்றோர் ஏட்டைத் தரட்டும்; உழவர் பொருளைத் தரட்டும். அரசு வந்து செய்யும் எனக் காத்திருப்போமாயின், எமது கதையை எஞ்சியோர் எவரும் அறியார்.