பன்றிக் குட்டியின் தீனியும் பண்ணைத் தொழிலாளியின் உடம்பும்



தேயிலைக்கு அடிக்கிற மருந்து முதலில் அடிப்பவர் மேல்தான் படுகிறது என்பது நமக்குத் தெரியும். ஐரோப்பாவின் பன்றிப் பண்ணைகளிலும் இதே கதைதான்.

பால் மறந்த குட்டிக்குக் கழிச்சல் வரும். அதைத் தடுக்கவும் சீக்கிரம் எடை ஏற்றவும் நோயில்லாத குட்டிக்கும் தினசரி தீனியில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கலந்தார்கள். சிறுகச் சிறுக மருந்தோடு பழகிய கிருமி மருந்துக்கு அடங்காமற் போயிற்று. நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் பண்ணைத் தொழிலாளரின் மூக்கிலேயே அத்தகைய கிருமி காணப்பட்டது.

வளர்ச்சிக்காக மருந்து கலப்பதைச் சுவீடன் 1986இல் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006இல். டென்மார்க் முந்திக்கொண்டு நிறுத்தியபோது சிறு குட்டிகளிடம் கழிச்சல் கூடியது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

இப்போது ஓரிகானோ, தைம், உள்ளி, நமது நாட்டிலும் விளைகிற கறுவா ஆகியவற்றின் எண்ணெயைத் தீனியில் சேர்க்கிறார்கள். ஆய்வுகூடத்தில் இவை கிருமியை நன்றாக அடக்குகின்றன. குட்டியின் வயிற்றிலோ, குடலின் கீழ்ப்பகுதியை எட்டுமுன்பே எண்ணெயின் பெரும்பங்கு உறிஞ்சப்பட்டுவிடுகிறது. பலன் பண்ணைக்குப் பண்ணை மாறுகிறது. நோய்ப்பட்ட குட்டிக்கு மிருக வைத்தியர் தரும் மருந்துக்கு இது ஈடுமல்ல.

குட்டியைப் பிந்திப் பால் மறக்க வைப்பது, உலர்ந்த சூடான தரை, நெரிசல் இல்லாத தொழுவம், இவைதான் கூடுதலாகக் காப்பாற்றுகின்றன. இதற்கெல்லாம் ஆள் வேண்டும். ஆளைக் கூட்டாமல் மருந்தை மட்டும் குறைத்தால், கழுவுகிற வேலை முழுவதும் இருக்கிற சிலரின் முதுகில் ஏறும். மூலிகை எண்ணெய்க்குக் காசு ஒதுக்குகிற முதலாளி, தொழுவம் கழுவுகிறவருக்குக் கையுறையும் மாற்று உடுப்பும் குளிக்கச் சுடுதண்ணீரும் ஒதுக்கினாரா?