முதுகுத் தசையும் மீளும் இடுப்புவலியும்



மட்டக்களப்பு வாவியில் தோணியில் நின்று வீச்சுவலை எறியும் தொழிலாளியைப் பார்த்திருப்பீர்கள். உடலைத் திருப்பி எறிகிறார். நனைந்து கனத்த வலையைக் குனிந்து இழுக்கிறார். படுவான்கரையில் நெல்மூட்டை சுமப்பவர் பாடும் இதுவே. ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. சில வாரங்களில் வலி தணிய, சுகமாயிற்றென்று தொழிலுக்குப் போகிறார். சில மாதங்களில் வலி திரும்புகிறது. காரணம் யாது?

முள்ளந்தண்டை ஒட்டி ஆழத்தில் சிறு தசைகள் உள. பாய்மரத்தை இழுத்துக்கட்டிய கயிறுகள்போல அவை எலும்புக் கணுக்களை நிலைநிறுத்துகின்றன. வலி கண்டதும் இத்தசை மெலியக்கூடும். அவுஸ்திரேலியாவில் ஜூலி ஹைட்ஸ் குழுவினர், முதன்முறை இடுப்புவலி கண்ட 39 பேரை ஆராய்ந்து 1996இல் ஓர் உண்மையை வெளியிட்டனர்: வலி நீங்கினும் தசை தானாகத் தேறுவதில்லை. அவர்களுட் பயிற்சி பெறாதோரில் நூற்றுக்கு 84 பேருக்கும், பெற்றோரில் 30 பேருக்கும் ஓராண்டினுள் வலி மீண்டதென 2001இல் அறிவித்தனர். ஆய்வு சிறிதே; மீளும் வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் அது தரும் பாடம் பெரிது.

ஆகவே, நெடுநாள் படுத்துக்கிடத்தல் வேண்டா. இயன்றவரை நடமாடுங்கள். இயன்மருத்துவரிடம் பயிற்சி கற்று, வலி மறைந்த பின்னும் தொடருங்கள். கால் மரத்துத் தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கிழிந்த வலையைப் பொத்தாமல் எவரும் வாவியில் இறங்குவதில்லை. முதுகுக்கும் அந்தக் கவனம் வேண்டாமா?