கோப்பையைவிடப் பயிற்சியே முதன்மை

அமெரிக்காவில் நீச்சல் போட்டியில் நாட்டமுள்ள பிள்ளைக்குத் தனியார் உயர்நிலைப் பள்ளியைத் தேடும் பெற்றோர், அப்பள்ளி வென்ற கோப்பைகளைக் காட்டிலும், பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் பயிற்சி கிடைக்குமா என்பதையே முதலில் அறிய வேண்டும். அங்குப் பள்ளி அணிகளின் போட்டிப் பருவம் சில மாதங்களே நீடிப்பதால், எஞ்சிய மாதங்களில் மாணவரை வளர்ப்பது 'கிளப்' எனப்படும் நீச்சல் சங்கமே ஆகும்.

சிங்கப்பூரின் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங், விடுதியும் சங்கப் பயிற்சியும் ஒருங்கே அமைந்த, புளோரிடா மாநிலத்துப் போல்ஸ் பள்ளியில் பயின்றவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்கு முதல் தங்கத்தை ஈட்டியவர். மேரிலாந்தின் ஸ்டோன் ரிட்ஜ் பள்ளியில் படித்த நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கியோ, சங்கத்தில் பயிற்சி பெற்று, பள்ளி மாணவியாக இருந்தபோதே 2012 லண்டன் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். இருவருக்கும் பொதுவானது ஆண்டு முழுவதும் இடையறாத பயிற்சி.

நிலம் வாங்குபவர் சென்ற ஆண்டு விளைச்சலைக் கேட்பதோடு நில்லாமல், கிணற்றில் நீர் ஊறுகிறதா என்று எட்டிப் பார்ப்பார். அதுபோலவே, பயிற்சியாளர் யார், நீச்சல் குளம் எவ்வளவு தொலைவு, விடியற்காலைப் பயிற்சிக்குப் பின் பாடத்துக்கும் உறக்கத்துக்கும் நேரம் எஞ்சுமா என்று பெற்றோர் கேட்டறிய வேண்டும். கோப்பை நேற்றைய மாணவருடையது. பயிற்சியே நாளைய மாணவருக்கு உதவுவது.