லாரி படிக்கும் வாண்டு

நாமக்கல் பக்கம் லாரி போகாத ரோடு ஏது? திண்ணையில் இருக்கும் மூன்று வயது வாண்டு, லாரி முகப்பில் 'முருகன் துணை' என்றிருப்பதைப் பார்த்து, "தாத்தா, முருகன் வண்டி!" என்கிறது. எழுத்துக்கூட்டவில்லை, மொத்தத்தையும் படமாகப் பிடித்துக்கொள்கிறது. படிப்பு அங்கேயே ஆரம்பம்.

அடுத்தது ஓசை. முருகன், முட்டை, முறுக்கு எல்லாமே 'மு'வில் தொடங்குவதைக் காது கண்டுபிடிக்க வேண்டும். பிறகுதான் எழுத்து. 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டால், 216 உயிர்மெய்க்கும் வழி கிடைத்துவிடும்.

2022-ல் தமிழக அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பாட்டு, கதை, விளையாட்டு வழியாகத்தான் கற்பிக்கிறார்கள்.

பிள்ளை சுவரில் கிறுக்கினால் திட்டாதீர்கள். "என்ன கண்ணு எழுதியிருக்கே?" என்று கேளுங்கள், படித்தே காட்டும். சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவு, டியூஷன் செலவைவிடக் குறைவுதான்!